இலவசமாகக் கிடைக்கிறது வேற, வாசிக்கக் கிடைக்கிறது வேற



இ-ரீடர் பற்றிப் பேசின எபிசோட்டுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: “அண்ணா, தமிழ்ப் புத்தகம் ஃப்ரீயா எங்க எடுக்கலாம்?” எபிசோட்டில் இரண்டு நிமிஷத்தில் நாலு பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். அது காணாது. அதனால் இந்த மடல் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

என்ர கருத்தை முதலே சொல்லிவிடுறன். தமிழில் இலவசப் புத்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் இருக்கிறது இ-ரீடரில் வாசிக்கக்கூடிய புத்தகத்துக்கு. அதிலும் ஈழத்து எழுத்துக்குப் பெரிய பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கக்கூடிய ஆட்களில் ஒரு பகுதி இங்க ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் இருக்கினம். இந்த மடலை வாசிக்கிற நீங்களும் அதில் அடக்கம்.

ஸ்கான் வேற, எழுத்து வேற

உங்களில் கனபேர் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போனவர்கள். எழுத்து தெரியும், கூட்டி வாசிக்கவும் தெரியும். ஆனால் வேகம் இல்லை. நெருக்கமாக அச்சடிச்ச ஒரு பக்கத்தைக் கண்டவுடன் மனம் பின்வாங்கும். இ-ரீடர் உதவி செய்கிறது இந்த இடத்தில்தான். எழுத்தைப் பெரிசாக்கினால் ஒரு பக்கத்தில் எட்டு வரிதான் வரும். எட்டு வரி ஒருவரையும் பயப்படுத்தாது. அகராதி போட்டுக்கொண்டால் தெரியாத சொல்லைத் தொட்டு அர்த்தம் பார்க்கலாம். வாசிக்க அலுப்பாக இருந்தால் அதே ஃபைலைப் போனில் திறந்து தமிழ்க் குரலில் கேட்கலாம்.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை இருக்கு. ஃபைலுக்குள் உண்மையான எழுத்து இருக்கவேணும். ஸ்கான் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் படம். படத்துக்குள் ‘அ’ என்ற எழுத்து இல்லை, ‘அ’ மாதிரித் தெரிகிற கறுப்புப் புள்ளிகள்தான் இருக்கு. பெரிசாக்கினால் வரி திரையை விட்டு வெளியே போகும். தேடேலாது, கேட்கேலாது, அகராதியும் வேலை செய்யாது. ஆறு அங்குலத் திரையில் ஒரு முழுப் பக்க ஸ்கானை வாசிக்கிறது, மருந்துப் போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கிற மாதிரி. மூன்றாம் பக்கத்தில் மூடி வைச்சிட்டு, “எனக்குத் தமிழ் வாசிக்க வராது” என்று முடிவு கட்டிவிடுவீர்கள். தப்பு உங்களில் இல்லை, ஃபைலில்.

அதனால் ஒரு புத்தகம் கிடைச்சவுடன் முதலில் பார்க்கவேண்டியது: ஒரு சொல்லைத் தொட்டுத் தெரிவுசெய்ய முடியுதா? முடிந்தால் எழுத்து. முடியாவிட்டால் படம்.

எழுத்தாகக் கிடைக்கும் இடங்கள்

முதலாவது மதுரைத் திட்டம், ஆங்கிலத்தில் ‘ப்ராஜெக்ட் மதுரை’. சுவிட்சர்லாந்து லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் 1998 தைப்பொங்கலுக்குத் தொடங்கினது. யூனிகோட் பரவலாக வர முதலே, பல நாடுகளில் இருந்த தொண்டர்கள் சங்க இலக்கியத்தில் இருந்து நாவல் வரைக்கும் கையால் தட்டச்சுச் செய்து ஏற்றினார்கள். பிறகு அது யூனிகோடுக்கு மாறினது. மணிரத்னத்தின் படம் 2022இல் வந்த பிறகு ‘பொன்னியின் செல்வன்’ தேடினவர்களுக்கு ஒரு தகவல்: ஐந்து பாகமும் அங்க எழுத்தாகவே இருக்கு. வலைப்பக்கமாகச் சேமித்து, கலிபர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் ஈபப் ஆக மாறிவிடும்.

கல்கியின் நாவல் எப்படி இலவசமானது? தமிழ்நாட்டு அரசு சில எழுத்தாளர்களின் நூல்களை ‘நாட்டுடைமை’ ஆக்குகிறது. குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து, உரிமையைப் பொதுவுக்கு விடுகிறது. பாரதியார், அண்ணா, கல்கி, புதுமைப்பித்தன் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கினம். யாரும் பதிப்பிக்கலாம், யாரும் ஈபப் செய்யலாம்.

இரண்டாவது விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டதை அங்க கொடுத்திருக்கு. ஒரு பக்கம் ஸ்கான், பக்கத்தில் ஓசிஆர் மூலம் எடுத்த எழுத்து என்று இரண்டும் அருகருகே இருக்கும். முடிந்த நூலை ஈபப் ஆக இறக்கலாம்.

மூன்றாவது ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். த. சீனிவாசனும் நண்பர்களும் நடத்துறது. இன்றைக்கும் எழுதிக்கொண்டு இருக்கிறவர்களிடம் கேட்டு, அவர்கள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்ட நூல்களை ஈபப் ஆகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப் ஆகவும் தருவினம். இ-ரீடர் வைச்சிருக்கிற ஆளை நினைத்துச் செய்த வேலை அது.

நாலாவது, எழுத்தாளர்களே இணையத்தில் விட்டது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014இல் இருந்து 2020 வரை தினமும் இணையத்தில் வந்து 26 நாவலாக முடிந்தது. எல்லாம் இன்னும் இலவசமாக வாசிக்கலாம்.

ஐந்தாவது எங்கட சொந்த நகரத்து லைப்ரரி. ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்குக் கார்ட் இலவசம். வெக்ஸ்போர்ட்டில் இருந்தால் பார்க்வே மோலுக்குள் இருக்கிற மேரிவேல் கிளைக்கு நடந்தே போகலாம். கார்ட் கிடைச்சால் லிபி ஆப்பில் மின்னூல் இரவல் எடுக்கலாம். கோபோ வைச்சிருந்தால் இன்னும் சுகம், லைப்ரரிப் புத்தகம் நேரே கருவிக்குள்ளேயே வரும். கோபோ 2009இல் இந்த ரொறன்ரோவில் தொடங்கின கொம்பனி, பிறகு 2012இல் ஜப்பானின் ரகுட்டன் வாங்கினது. கிண்டிலில் லைப்ரரி இரவல் வசதி அமெரிக்காவுக்கு மட்டும்தான், கனடாவுக்கு இல்லை. “எதை வாங்கலாம்?” என்று கேட்டவர்களுக்கு, லைப்ரரிதான் முக்கியம் என்றால் என்ர பதில் கோபோ.

நூலகம்: எங்கட சாமான் இருக்கிற இடம்

மேலே சொன்ன பட்டியலை மட்டும் வைச்சு வாசித்தால் உங்கட இ-ரீடர் நிரம்பும். ஆனால் அதில் பெரும்பாலும் தமிழ்நாடுதான் இருக்கும். அம்மா அப்பா பேசுற தமிழ், அவர்கள் பிறந்த ஊர், அவர்கள் ஓடி வந்த காலம் எல்லாம் அதில் குறைவு. நாட்டுடைமை என்பது தமிழ்நாட்டு அரசு தன்ர எழுத்தாளர்களை முன்னுக்கு வைச்சுச் செய்யிற வேலை. அதைக் குறை சொல்லேலாது.

ஈழத்து எழுத்து இருக்கிற இடம் நூலகம் டொட் ஓர்க். 2005இல் சில இளைஞர்கள் தொடங்கினது, இப்ப நூலக நிறுவனமாக இயங்குது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதுக்குப் பிறகு போரும் இடப்பெயர்வும் வீடுகளில் இருந்ததையும் கொண்டுபோனது. மிஞ்சினதைத் தேடி ஸ்கான் செய்து வைக்கிறதுதான் நூலகத்தின் வேலை. நாவல், கவிதை மட்டும் இல்லை. பழைய பத்திரிகை, சஞ்சிகை, பாடசாலை மலர், கோயில் மலர், ஆட்கள் செத்தால் 31க்கு அடிக்கிற கல்வெட்டு வரைக்கும் இருக்கு. அம்மாவின் ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்துத் தேடிப் பாருங்கோ. அல்லது அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் பெயரை. கனபேருக்கு ஏதாவது ஒன்று அகப்படும்.

ஆனால் அகப்படுவது பெரும்பாலும் ஸ்கான். பாதுகாக்கிறவர்கள் முதலில் படம் எடுக்கிறது சரி. அழிந்துபோகிற தாளைக் காப்பாற்ற அதுதான் வேகமான வழி. அதை எழுத்தாக மாற்றுவது அடுத்த கட்டம். அந்தக் கட்டத்துக்குக் கைகள் போதாமல் நிற்கிறோம். தமிழ்நாட்டு நூல் எழுத்தாக இருக்கு, எங்கட நூல் படமாக இருக்கு என்றால் தேடலில் வருவது எது? குரலில் கேட்கக்கூடியது எது? பத்தொன்பது வயதில் தட்டுத்தடுமாறி வாசிக்கிற ஒரு பிள்ளை கடைசிப் பக்கம் வரைக்கும் போகக்கூடியது எது? காப்பாற்றின புத்தகத்தை ஒருவரும் வாசிக்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கு.

உரிமை யாரிட்ட இருக்கு?

“சரி, ஸ்கானை எடுத்து நானே ஈபப் செய்யிறன்” என்று கம்பியூட்டர் சயன்ஸ் படிக்கிற ஆட்கள் கையைத் தூக்குவீர்கள். நல்லது. ஆனால் இடையில் காப்புரிமை நிற்குது. நான் வக்கீல் இல்லை, பொதுவான விதியைச் சொல்லுறன்.

கனடாவில் முந்தி எழுத்தாளர் செத்து 50 வருஷம் உரிமை இருந்தது. 2022 டிசம்பர் 30இல் அது 70 ஆனது. ஏற்கனவே காலாவதியான உரிமை திரும்பி வராது. அதனால் 1971 முடிய முதல் இறந்தவர்களின் நூல்கள் இங்க பொதுச் சொத்து. 1972இலும் அதுக்குப் பிறகும் இறந்தவர்களுக்கு 70 வருஷம். அதாவது 2043 வரைக்கும் புதிதாக ஒன்றும் பொதுவுக்கு வராது.

இதை எங்கட ஆட்களில் வைச்சுப் பாருங்கோ. அளவெட்டிக் கவிஞர் மஹாகவி 1971இல் காலமானவர். கனடாவில் அவருடைய கவிதைகள் பொதுவில் இருக்கு. (பிறகு வந்த பதிப்புகளின் முன்னுரை, குறிப்புகள் அதில் சேராது.) இலங்கையில் 70 வருஷக் கணக்கு என்பதால் அங்க இன்னும் இல்லை. ‘பஞ்சமர்’ எழுதின கே. டானியல் 1986இல் காலமானவர். பழைய சட்டப்படி 2037இல் வந்திருக்கவேண்டியது, இப்ப 2057. அப்ப உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கும், அவர்களும் வளர்ந்திருப்பார்கள்.

காலம் போனால் தானாகக் கிடைக்கும் என்று இருந்தால் எங்கட எழுத்து எங்களுக்குக் கிடைக்காது. இன்னொரு வழி இருக்கு: உரிமை உள்ளவர் தானாகக் கொடுக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் நடக்கிறதே அந்த வழியில்தான். எழுத்தாளர் “இந்த நூலை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சம்மதம்” என்று ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். வியாபாரத்துக்குப் பாவிக்கக்கூடாது என்று நிபந்தனை வைக்கலாம். பெயர் போடவேணும் என்று கட்டாயம் இருக்கு. விற்பனையில் இருக்கிற நூலைக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னம் முந்நூறு பிரதி அடித்து, பிறகு மறுபதிப்பே வராமல் போன நூல்கள் இருக்கு. அதைக் கொடுத்தால் எழுதினவருக்கு நட்டம் என்ன?

எழுதினவர் இல்லாவிட்டால் உரிமை குடும்பத்திடம். அந்தக் குடும்பங்கள் இப்ப எங்க இருக்கு? ஒரு பகுதி யாழ்ப்பாணத்தில், ஒரு பகுதி லண்டனில், பாரிஸில். ஒரு பெரிய பகுதி லோறன்ஸ் அவெனியூவில் ஓடுற 54ஆம் நம்பர் பஸ்ஸில். உங்கட அப்பப்பா ஊர் வரலாறு எழுதியிருக்கலாம். அம்மம்மா சிறுவர் பாட்டுத் தொகுதி ஒன்று அடித்திருக்கலாம். பெரியப்பா தொண்ணூறுகளில் இங்கேயே கதைத் தொகுதி வெளியிட்டிருக்கலாம், மிஞ்சின பிரதி பேஸ்மென்ட்டில் பெட்டியோடு இருக்கலாம். அந்த நூலின் அடுத்த உரிமையாளர் பட்டியலில் உங்கட பெயரும் இருக்கு. இலவசப் புத்தகம் தேடுகிறவர்கள் மட்டும் என்று உங்களை நினைக்காதீங்கோ. கொடுக்கக்கூடியவர்களும் நீங்கள்தான்.

வட்ஸ்அப்பில் வருகிற பிடிஎஃப்

இதைப் பற்றிப் பேசாமல் விட்டால் நேர்மை இல்லை. போன வருஷம் வந்த நாவலின் பிடிஎஃப் டெலிகிராமில் சுத்துது, வட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒருவர் ஃபோர்வேட் பண்ணுறார். எடுக்கலாமா?

எடுக்கிறவர்கள் சொல்லுற காரணம் பொய் இல்லை. சென்னையில் இருந்து ஒரு புத்தகம் எடுப்பித்தால் தபால் செலவு புத்தக விலையை மிஞ்சும். இங்க தமிழ்ப் புத்தகக் கடைகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். “வாங்க வழி இருந்தால் வாங்குவன்” என்பது நியாயமான பேச்சு.

ஆனால் இப்ப வழி இருக்கு. அமேசான் 2016 டிசம்பரில் இருந்து கிண்டிலில் தமிழ் நூல்களை வெளியிட விடுகிறது. கனபேர் தங்கட நூல்களைத் தாங்களே ஏற்றி, ரிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசை விடக் குறைவாக விற்கினம். ஆங்கில நாவலாசிரியருக்குப் பத்தாயிரம் பேர் வாங்கினால் ஆயிரம் பேர் திருடுவார்கள், அவர் தப்புவார். தமிழில் சில நூறு பிரதி விற்கிறதே பெரிய காரியம். அங்க நூறு பேருக்கு ஃபோர்வேட் ஆனால் அடுத்த புத்தகமே வராமல் போகலாம். என்ர நிலைப்பாடு இதுதான்: உயிரோடு இருக்கிற எழுத்தாளர், விலைக்கு இருக்கிற நூல் என்றால் வாங்குங்கோ. கிண்டிலில் இல்லை என்றால் எழுத்தாளருக்கு எழுதிக் கேளுங்கோ. தமிழில் எழுதுகிறவர்கள் வாசகருக்குப் பதில் போடுவார்கள். அது எங்கட சின்ன உலகத்தின் நல்ல பக்கம்.

கிண்டிலில் வாங்கும்போது ஒன்றை நினைவில் வைச்சிருங்கோ. வாங்கின புத்தகத்தைக் கம்பியூட்டரில் இறக்கி யுஎஸ்பியால் கருவிக்கு மாற்றுகிற வசதியை அமேசான் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. நீங்கள் வாங்குவது வாசிக்கிற அனுமதியைத்தான். திறந்த ஈபப் ஆகத் தருகிற நூல் இருந்தால் அதையே முதலில் தெரிவு செய்யுங்கோ.

கருவியில் வருகிற சிக்கல்கள்

மூன்று சிக்கல் அடிக்கடி வரும்.

ஒன்று, எழுத்துக்குப் பதிலாகப் பெட்டி வருகிறது, அல்லது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். ‘கொ’ என்று நாம் பார்க்கிறது யூனிகோடில் ‘க’வும் அதுக்குப் பின்னால் ஒரு உயிர்க்குறியும். திரையில் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் வைக்கிறது கருவியின் வேலை. அதைச் செய்யத் தெரியாத கருவியில் எழுத்து சிதறும். கோபோவில் ‘ஃபொன்ட்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் ஆக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டுப் பாருங்கோ. அதிலும் சரிவராவிட்டால் கோரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருள் இருக்கு.

இரண்டு, பிடிஎஃபில் இருந்து கொப்பி பண்ணினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வருகின்றன. அது பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தின எழுத்துரு. எங்கட ஆட்களின் தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் முழுக்க அதில்தான் இருக்கு. இணையத்தில் மாற்றிகள் இலவசமாக இருக்கு, ஒட்டினால் யூனிகோட் வரும்.

மூன்று, ஸ்கான் மட்டும்தான் இருக்கு. கோரீடரில் வரிகளைத் திரைக்கு ஏற்ற மாதிரி வெட்டி அடுக்கிக் காட்டுகிற ‘ரீஃப்ளோ’ வசதி இருக்கு. படம் படமாகவே இருக்கும், ஆனால் கண்ணுக்குச் சுகம்.

நீங்கள் என்ன செய்யலாம்

விக்கிமூலத்தில் ஒரு பக்கத்தை ஓசிஆர் எழுத்தாக மாற்றினதும் அது சிவப்பு நிறத்தில் நிற்கும். ஒருவர் ஸ்கானோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். இரண்டாவது ஆள் சரிபார்த்தால் பச்சை. பத்து நிமிஷத்தில் ஒரு பக்கம் முடியும், வேலைக்குப் போற பஸ்ஸில் இருந்தே செய்யலாம். மெஷின் விடுகிற பிழைகள் வேடிக்கையானவை. காலையும் ‘ர’வையும் மாற்றிப் போடும். ‘லை’, ‘னை’ போன்றவற்றை முந்தி யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவோடு அடிப்பார்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அது மறைந்தது. அதுக்கு முந்தின நூல்களில் மெஷின் தடுமாறும், நீங்களும் தடுமாறுவீர்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அந்த எழுத்து தண்ணி பட்ட பாடு. அவர்கள் வாசிக்க நீங்கள் திருத்துங்கோ. உங்கட வாசிப்பு வேகமும் கூடும்.

வீட்டில் யாராவது எழுதின நூல் இருக்குதா என்று இந்தக் கிழமை கேட்டுப் பாருங்கோ. இருந்தால் முதலில் அட்டையையும் பதிப்பு விபரம் உள்ள பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கோ. பிறகு உரிமை யாரிட்ட என்று குடும்பத்துக்குள் கதைச்சு, நூலக நிறுவனத்துக்கோ ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸுக்கோ எழுதுங்கோ. ஈபப் ஆக்கிறதில் உதவி தேவை என்றால் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ. எனக்கும் கலிபரில் மினக்கெடப் பிடிக்கும்.

அடுத்த எபிசோட்டில் தமிழ் ஓசிஆரை மைக்குக்கு முன்னால் வைச்சே சோதித்துப் பார்க்கப் போறோம். பழைய அச்சுப் பக்கம் ஏதாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் படம் எடுத்து அனுப்புங்கோ. எழுத்து எவ்வளவு மங்கலோ அவ்வளவுக்கு நல்லது.